ஒரு பீஸ் ஓட்டிக் காட்டுங்க

ஓசூரை ஒட்டிய ஜூஜூவாடியோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்து வருவது கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. முதல் ஷிஃப்டுக்கு முன்பே கம்பெனி பஸ்ஸிலும் பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் இந்த எல்லையை இரண்டு பக்கமிருந்தும் மக்கள் கடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கர்நாடகப் பக்கம் பொம்மசந்திராவிலோ ஜிகணியிலோ ஒரு சின்னப் பட்டறையில் டர்னர் வேலை காலி இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போகிறவரிடம் முதலாளி நீட்டிப் பேசுவதில்லை. ஒரு டிராயிங்கைக் கையில் கொடுப்பார். "ஒரு பீஸ் ஓட்டிக் காட்டுங்க" என்பார். அதைக் கன்னடத்தில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் இந்த வட்டாரத்துக்காரருக்குப் புரிந்துவிடும். அரை மணி நேரம் கழித்து மைக்ரோமீட்டர் பதில் சொல்லும். அளவு சரியாக வந்திருந்தால் மறுநாளே வேலை.

அதே டர்னர் ஸ்டுட்கார்ட்டுக்கோ டொரன்டோவுக்கோ போனால் அங்கேயும் அதே மாதிரி மெஷின்தான் நிற்கும். ஓசூர் சிப்காட்டில் அவர் பழகிய ஃபானுக், சீமென்ஸ் கன்ட்ரோலர்தான் அதிலும் இருக்கும். ஜி01 என்று தட்டினால் டூல் நேர்கோட்டில் நகரும், எம்03 என்றால் ஸ்பிண்டில் சுற்றும். இந்த விஷயத்தில் உலகம் முழுவதும் ஒரே பாஷை. ஆனால் அங்கே யாரும் எடுத்த எடுப்பில் ஒரு பீஸ் ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. விசா அதிகாரி, அங்கீகார அலுவலகம், கம்பெனியின் மனிதவளப் பிரிவு என்று மூன்று மேசைகளை முதலில் தாண்ட வேண்டும். மூன்றிலும் கேட்கப்படுவது காகிதம். ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிலாளிகளில் பலர் கையில் நல்ல தொழில் வைத்திருந்தும் வெளிநாட்டில் சொந்தத் தொழிலை விட்டு வேறு வேலை பார்க்க நேர்வதற்கு இந்த மேசைகளே பெரும் காரணம். அந்தக் காகிதத்தின் பெரும்பகுதியைத் தயார்செய்ய வேண்டிய இடமும் வெளிநாடு இல்லை, இதே ஓசூர்தான்.

இந்த ஊருக்குத் தொழில் வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெங்களூரில் 1953ல் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத் துணையோடு எச்எம்டி மெஷின் செய்யத் தொடங்கியது. லேத், மில்லிங், கிரைண்டிங் என்று அந்த நகரமே ஒரு பயிற்சிக் கூடமானது. பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டுக்குள் ஒரு தொழிற்பேட்டை அமைத்தால் அந்தத் திறமையின் வாசம் இங்கும் அடிக்கும் என்ற கணக்கில் சிப்காட் ஓசூருக்கு வந்தது. 1980ல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து ஓடியது. அசோக் லேலண்ட் ஆலை அதே காலத்தில் எழுந்தது. 1987ல் டைட்டன் கடிகாரங்கள் வந்தன. தளி, கெலமங்கலம், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளி முடித்த கையோடு வந்து, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பற்சக்கரங்களைப் பொருத்தக் கற்றார்கள். 2021ல் போச்சம்பள்ளி அருகே ஓலாவும் ஓசூரில் ஏத்தரும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகளைத் திறந்தன. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு 2022ல் ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். புதிய ஊர், புரியாத மொழி, கூட யாருமில்லாத முதல் மாதம் என்றால் என்ன என்று ஓசூர்க்காரர்கள் வெளிநாடு போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆலை விடுதிகளின் வாசலில் தினமும் பார்க்கலாம்.

இனி, வெளிநாட்டுக் கதவுகள்.

எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் தொழில்கள் இரண்டு வகை. உரிமம் இல்லாமல் தொடக்கூடாத தொழில்கள் ஒரு வகை: மருத்துவர், செவிலியர், பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர் போன்றவை. இதில் அரசோ தொழில்முறை மன்றமோ பெயரைப் பதிவு செய்த பிறகுதான் வேலை. உரிமம் தேவைப்படாத தொழில்கள் இன்னொரு வகை. மெஷினிஸ்ட், மென்பொருள் எழுதுகிறவர், தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் எல்லாம் பெரும்பாலும் இதில் வருவார்கள். முதலாளிக்குத் திருப்தி என்றால் போதும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எலக்ட்ரீஷியன், பிளம்பர் வேலைக்கு உரிமம் கட்டாயம், மெஷினிஸ்டுக்குக் கட்டாயமில்லை. ஒரே ஐடிஐயில் அடுத்தடுத்த வகுப்பில் படித்த இரண்டு நண்பர்களில் ஒருவருக்கு அங்கே நேரடியாக வேலை கிடைக்கலாம், இன்னொருவர் தேர்வெழுதக் காத்திருக்கலாம். போகும் முன்பே தன் தொழில் அந்த நாட்டில் எந்த வகையில் வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதைப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பவர்கள் இன்றும் ஏராளம்.

வகை நடுவழியில் மாறிப்போவதும் உண்டு. குவைத்தில் நடந்தது அதுதான். 2018ல் அந்நாட்டு மனிதவள ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. பொறியாளர் என்ற பதவியில் இருக்கும் வெளிநாட்டவர் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றது. இந்தியப் பட்டங்களில் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளை மட்டுமே அந்தச் சங்கம் ஏற்றது. பத்து, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் திகைத்து நின்றார்கள். அவர்கள் படித்த காலத்தில் அந்த வாரியத்தின் பெயரையே பலர் கேள்விப்பட்டதில்லை. பெயர்பெற்ற நிறுவனங்களில் படித்தவர்களும் இதில் சிக்கினார்கள். விஷயம் இந்திய வெளியுறவு அமைச்சகம் வரை போனது. பலர் வேறு வழியின்றி விசாவில் பொறியாளர் என்ற பதவிப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். வேலை அதுவேதான், திறமையும் குறையவில்லை, பெயர் மட்டும் போனது. இருபது வருடம் ஒருவரை அடையாளப்படுத்திய பெயர் அது. இதைச் சின்ன இழப்பு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

அந்தச் சம்பவத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெற்றோர் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தேசிய அங்கீகார வாரியம் கல்லூரிக்கு மொத்தமாக முத்திரை குத்துவதில்லை. பாடப்பிரிவு வாரியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தருகிறது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கலாம், சிவிலுக்கு இல்லாமல் போகலாம்; போன வருடம் இருந்தது இந்த வருடம் காலாவதி ஆகியிருக்கலாம். 2014 ஜூனில் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிக்க ஏற்படுத்திக்கொண்ட ஒப்பந்தம் அது. ஆனால் அதன் பலன் வாரியம் முதல் அடுக்கு என்று வகைப்படுத்திய பல்கலைக்கழக, தன்னாட்சிக் கல்லூரிப் படிப்புகளுக்கு மட்டுமே. சேர்க்கையின்போது விடுதிச் சாப்பாட்டையும் பஸ் வசதியையும் விசாரிக்கிற நேரத்தில் இதையும் ஒரு கேள்வியாகக் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்தால் இருபது வருடம் கழித்தும் உதவும்.

பட்டம் இல்லாத ஐடிஐக்காரருக்கு வழியே இல்லை என்று நினைப்பது தவறு. ஜெர்மனியில் நிலைமை சமீப காலத்தில் மாறியிருக்கிறது. இந்தியத் தொழில்திறனாளர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அந்த அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதைவிட ஓசூருக்கு நெருக்கமான மாற்றம் 2024 மார்ச்சில் வந்தது. உரிமம் தேவைப்படாத தொழில் ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தால், ஜெர்மன் அங்கீகாரம் வாங்காமலேயே போக முடியும். நிபந்தனைகள் மூன்று: சொந்த நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட, குறைந்தது இரண்டு ஆண்டுப் பயிற்சிச் சான்று, கடந்த ஐந்து ஆண்டுகளில் அதே தொழிலில் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம், சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளம். அந்தச் சம்பளம் 2025ல் ஆண்டுக்கு 43,470 யூரோ.

முதல் நிபந்தனையைத் திரும்பவும் படிக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டு. ஐடிஐயில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் படிப்புகள் இரண்டு ஆண்டு. வெல்டர் ஒரே ஆண்டு. பதினாறு வயதில், சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்று ஒரு வருடப் படிப்பைத் தேர்ந்தெடுத்த பையனுக்கு, அந்த முடிவு முப்பது வயதில் ஒரு நாட்டின் வாசலில் எதிரே வந்து நிற்கும் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐடிஐ கலந்தாய்வு நாளில் இதைச் சொல்ல ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முறையான அங்கீகாரம் வாங்கிப் போவதானால், தொழிற்சாலைத் தொழில்களுக்கு நூரன்பர்க்கில் உள்ள ஐஎச்கே ஃபோசா என்ற அலுவலகம்தான் பெரும்பாலும் பொறுப்பு. இந்தியச் சான்றிதழையும் பாடத்திட்டத்தையும் ஜெர்மன் பாடத்திட்டத்தோடு வைத்து ஒப்பிடுவார்கள். மதிப்பெண்ணைவிட, எத்தனை மணி நேரம் எதைக் கற்றார் என்பதே அவர்கள் பார்ப்பது. படிப்பில் விட்டுப்போன பகுதியை வேலை அனுபவத்தால் ஈடுகட்டலாம் என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த அனுபவம் காகிதத்தில் இருக்க வேண்டும். 2012ல் வந்த அங்கீகாரச் சட்டத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. தன் தவறில்லாமல் ஆவணம் கிடைக்காதவர், நிபுணர்கள் முன்னால் வேலை செய்துகாட்டி நிரூபிக்கலாம். பொம்மசந்திராப் பட்டறை முதலாளி கேட்ட அதே சோதனைதான், சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. கடைசி வழியாகத்தான் அதை வைத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

காகிதம் எங்கே கோளாறு ஆகிறது? இங்கேதான் ஓசூர் தன்னையே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒருவர் எட்டு வருடம் வேலை பார்த்திருப்பார். முதல் வருடம் அப்ரண்டிஸ். அடுத்து டிரெய்னி. பிறகு காண்ட்ராக்ட். நடுவில் காண்ட்ராக்டர் மாறியிருப்பார், மெஷின் மாறியிருக்காது. நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்திலேயே நின்று அதே செட்டிங்கைப் போட்டிருப்பார், புது ஆளுக்குக் கற்றுக்கொடுத்தும் இருப்பார். ஆனால் அவரிடம் இருக்கும் கடிதங்களில் ஆள் எடுத்துக்கொடுக்கும் ஏஜென்சியின் பெயர்தான் இருக்கும். பதவி என்ற இடத்தில் "ஹெல்பர்" என்றோ "ஆபரேட்டர்" என்றோ ஒரு சொல். பிஎஃப் பணத்தைக் காண்ட்ராக்டர் கட்டியிருந்தால் பிஎஃப் கணக்கில் தெரியும் பெயரும் காண்ட்ராக்டருடையதே. நூரன்பர்க்கில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு என்ன தெரியும்? எட்டு வருடத்தில் நான்கு கம்பெனி மாறிய உதவியாள் என்றுதான் தோன்றும். விஎம்சி மெஷினில் பத்து மைக்ரான் டாலரன்ஸில் அச்சு வெட்டிய செட்டர் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை.

இது கொடுமை. ஒருவருடைய உழைப்பின் விவரத்தை அவருக்கே எழுதித் தராமல் இருப்பதும் ஒரு வகையில் கூலியைப் பிடித்து வைப்பதுதான். சட்டச் சிக்கலுக்குப் பயந்து முதன்மைக் கம்பெனி காண்ட்ராக்ட் ஆளுக்குக் கடிதம் தர மறுக்கிறது. காண்ட்ராக்டருக்கோ மெஷினைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் தொழிலாளியின் எட்டு வருடம் விழுந்துவிடுகிறது.

சரியான அனுபவக் கடிதம் என்பது ஒரு பக்கம்தான். சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேர வேலையா என்பது முதலில். பிறகு எந்த மெஷின், எந்த கன்ட்ரோலர், எந்த உலோகம், எவ்வளவு நுட்பமான அளவு, டிராயிங்கைத் தானே படித்தாரா, புரோகிராம் தானே எழுதினாரா இல்லை எழுதியதை ஓட்டினாரா, டூல் செட்டிங் செய்தாரா, எந்த அளவுக் கருவிகளால் சோதித்தார், அவர் கீழ் எத்தனை பேர். கடிதத்தாளில் முகவரியும் கையெழுத்திட்டவரின் பதவியும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள். இதைக் கேட்டு வாங்கும் நேரம் வேலையில் இருக்கும்போதுதான். விலகி மூன்று வருடம் கழித்துப் போனால் பழைய சூப்பர்வைசர் இருக்கமாட்டார், சில நேரம் கம்பெனியே இருக்காது. சம்பளச் சீட்டுகள், அப்ரண்டிஸ் தேர்வின் தேசியச் சான்று, கம்பெனிக்குள் நடந்த பயிற்சிகளின் சான்றுகள் எல்லாவற்றையும் அந்தந்த மாதமே ஸ்கேன் செய்து வைப்பது நல்லது.

காகிதம் சரியாகி, போய்ச் சேர்ந்த பிறகு தொழிலே சில இடங்களில் தடுக்கும். இவை சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் முதல் வாரத்தில் வேலை போவதும் நிலைப்பதும் இவற்றால்தான்.

டிராயிங்கை எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் முதல் கோண முறை: மேலிருந்து பார்க்கும் தோற்றத்தை முன் தோற்றத்துக்குக் கீழே வரைவார்கள், வலப்பக்கத் தோற்றம் இடது பக்கம் வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜப்பானிலும் மூன்றாம் கோண முறை: மேல் தோற்றம் மேலேயே இருக்கும், வலது வலதிலேயே இருக்கும். டிராயிங்கின் கீழ் மூலையில் வெட்டிய கூம்பு மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கும், அது ஒன்றுதான் எந்த முறை என்று சொல்லும். அதைக் கவனிக்காமல் துளையை எதிர்ப்பக்கம் போட்டால் பீஸ் ஸ்கிராப். ஜப்பானிய, அமெரிக்க வாடிக்கையாளருக்கு உதிரிபாகம் செய்யும் ஓசூர் டூல் ரூமில் இருந்தவர் இரண்டையும் பழகியிருப்பார். அதைக் கடிதத்தில் எழுதி வாங்கியிருந்தால் அது தனிப் பெருமை.

அளவும் அப்படித்தான். வட அமெரிக்கப் பட்டறைகளில் இன்னும் அங்குலம்தான் பெரும்பாலும் ஆட்சி செய்கிறது. ஆயிரத்தில் ஓர் அங்குலத்தை அவர்கள் "தவ்" என்பார்கள், அது 25.4 மைக்ரான். மில்லிமீட்டரில் ஊறியவருக்கு "இரண்டு தவ் எடு" என்று காதில் விழுந்ததும் கை தயங்கக் கூடாது. ஓசூரில் இருக்கும்போதே அங்குல மைக்ரோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பழகினால் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

வெல்டருக்கு வேறு கதை. இந்தத் தொழிலில் பள்ளிச் சான்றைவிடச் சோதனைச் சான்று பெரிது. குழாயை 45 டிகிரி சாய்த்து, அசையாமல் நிறுத்தி, சுற்றிச் சுற்றி வெல்ட் செய்யும் 6ஜி சோதனையில் தேறியவருக்கு வளைகுடாவின் எண்ணெய் ஆலைகளிலும் கப்பல் தளங்களிலும் மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சான்று எந்த விதிமுறைப்படி என்பது முக்கியம். அமெரிக்க விதிப்படி ஆஸ்மி, ஐரோப்பிய விதிப்படி ஐஎஸ்ஓ 9606. ஐஎஸ்ஓ சான்றில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவர் தொடர்ந்து இந்த வேலையைச் செய்கிறார் என்று பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து விட்டுப்போனால் சான்று செத்துப்போகும். பத்து வருட வெல்டர் திரும்பவும் சோதனைத் தகட்டின் முன் நிற்க வேண்டியதுதான்.

மொழியைப் பற்றி ஒரு நம்பிக்கையான சொல் சொல்லலாம். ஓசூரில் வளர்ந்தவர் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, மெஷின் முன்னால் ஒன்று என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் இலக்கணம் படிக்காமல் பிடித்தவர். பிழையாகப் பேசக் கூச்சப்படாத பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மனும் ஜப்பானியமும் கற்கப் பெரிய தடையே அந்தக் கூச்சம்தான். ஜப்பான் 2021 ஜனவரியில் இந்தியாவோடு குறிப்பிட்ட திறன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. அந்த வழியில் போக அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும் தொழில் தேர்வும் தேற வேண்டும், பட்டம் கேட்பதில்லை. 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் சேர்ந்து, ஐந்து ஆண்டுகளில் 50,000 இந்தியத் திறன் தொழிலாளர்களையும் வருங்காலத் திறமையாளர்களையும் ஜப்பானுக்கு அனுப்புவதை இலக்காக வைத்தன.

செவிலியர்களுக்குக் கேரளம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் நோர்க்கா ரூட்ஸ் என்ற கேரள அரசு நிறுவனமும் ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையும் கையெழுத்திட்ட டிரிபிள் வின் திட்டத்தில், செவிலியர்கள் ஊரிலேயே ஜெர்மன் மொழி படித்துவிட்டுப் போகிறார்கள். அங்கே போனதும் உதவிச் செவிலியராக வேலை, கூடவே மொழியின் அடுத்த நிலை, பிறகு அங்கீகாரத் தேர்வு. தேறியதும் முழுச் செவிலியர். ஒரு படி கீழே இறங்கித்தான் தொடங்குகிறார்கள், ஆனால் எத்தனை மாதம், அதற்குப் பிறகு எங்கே என்பது முன்பே தெரியும்.

ஒரு படி இறங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை. எவ்வளவு காலம் என்று தெரியாமல் இறங்குவதுதான் ஆபத்து. தமிழ்நாட்டில் "சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடிக்கிறது" என்ற பேச்சு எல்லாருக்கும் தெரிந்ததே. டிப்ளமோ முடித்த பையன்கள், சில நேரம் பொறியியல் பட்டதாரிகளும், கட்டுமானத் திறன் சோதனையில் தேறி, ஒர்க் பெர்மிட்டில் போய்விடுகிறார்கள். இரண்டு வருடத்தில் மேலே வந்துவிடலாம் என்று நினைத்துப் போவார்கள். அடுத்த படியான எஸ் பாஸ் அனுமதிக்கு மாற முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 சிங்கப்பூர் டாலர். வாங்கிய கடன் கழுத்தைப் பிடிக்கும்போது முதலாளியிடம் பேரம் பேச வாய் வராது. ஐந்து வருடம் கழித்துத் திரும்புபவரின் படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுந்திருக்கும். படித்த தொழிலில் இரண்டு வருடம் இங்கேயே வேலை பார்த்துவிட்டுப் போயிருந்தால் வேறு கதவு திறந்திருக்கலாம்.

கனடாவில் ஈழத் தமிழர்களின் முதல் தலைமுறை இப்படிப் படி இறங்குவதை அனுபவித்த தலைமுறை. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் இருந்தவர்கள் 1980களிலும் 90களிலும் டொரன்டோவின் உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் நின்றார்கள். அவர்களைத் தடுத்த சொல் "கனடிய அனுபவம்". அங்கே வேலை பார்க்காதவருக்கு வேலை கிடையாது, வேலை கிடைக்காதவருக்கு அனுபவம் வராது. அந்தச் சொல்லுக்கு எதிராகப் புதிதாய் வந்தவர்கள் பல்லாண்டு பேசினார்கள். 2023 மே மாதம் ஒன்டாரியோவின் பொறியாளர் உரிம மன்றம் கனடிய அனுபவ நிபந்தனையை நீக்கியது. 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து, 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்று கேட்கக் கூடாது என்றும் அந்த மாகாணம் சட்டம் செய்திருக்கிறது.

ஓசூருக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. டிவிஎஸ் மோட்டாருக்கு இந்தோனேசியாவின் கரவாங்கில் ஆலை இருக்கிறது. 2020ல் டிவிஎஸ் இங்கிலாந்தின் நார்ட்டன் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தையும் வாங்கியது. அசோக் லேலண்டுக்கு ராஸ் அல் கைமாவில் பஸ் ஆலை இருக்கிறது. நிறுவனத்துக்குள்ளேயே இடம் மாறிப் போகிறவருக்கு அவருடைய திறமையை யாரும் புதிதாக நிரூபிக்கச் சொல்வதில்லை. நிரந்தர ஊழியருக்கு மட்டுமே பெரும்பாலும் கிடைக்கும் வழி இது.

கடைசியாக ஏஜெண்ட். பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் யார் என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்டால் சட்டம் அவர் பக்கம் இல்லை. தமிழ்நாடு அரசே 1978ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இயங்குகிறது. செவிலியர், ஓட்டுநர், தொழில்நுட்பர் என்று பல பணிகளுக்கு அது ஆள் எடுக்கிறது. 2022ல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பலிடம் அடைபட்ட தமிழக இளைஞர்களை அரசு மீட்டு அழைத்து வந்தது. அவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள். சுற்றுலா விசாவில் வா, அங்கே வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

ஓசூர் ஆலைகளின் மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தளத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும், அவர் யார் மூலம் வந்திருந்தாலும், அவர் செய்த வேலையை உள்ளபடி எழுதி ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அது அவருடைய வாழ்க்கை.

வேலையில் இருப்பவர்கள் இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பதவி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? நீங்கள் செய்யும் வேலை அதில் இல்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.